சுழலாத பந்து

விக்னராஜாவின் வலது கை விரல்களைப் பற்றி யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் பெரிய பேச்சு இருந்தது. பெரிய பேச்சு என்றால், நாலைந்து கல்லூரிகளும் இரண்டு தேநீர்க்கடைகளும் கொள்கிற அளவுக்குப் பெரிய பேச்சு. கல்லூரி அணியில் அவன் லெக் ஸ்பின் போட்டான். பந்து அவன் கையை விட்டுப் புறப்படும்போது விர்ரென்று சத்தம் கேட்கும் என்பார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. ஆனால் அது தரையில் பட்டபிறகு எந்தப் பக்கம் போகும் என்று போட்டவனைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது உண்மை. எதிரணி மட்டையாளர்கள் அவனைக் கண்டால் கோயிலுக்கு நேர்ந்துவிட்டு வருவார்கள்.

அந்த விரல்களைக் கொண்டுதான் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அவன் மெல்பேர்னுக்கு வந்து சேர்ந்தான். கொழும்பில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் திட்டப்படம் வரைந்தவன், இங்கே ஒரு தொழிற்சாலையில் குளிர்சாதனப் பெட்டிக் கதவுகள் ஒழுங்காக மூடுகின்றனவா என்று பார்த்தான். ஒரு கதவைத் திறந்து மூடினால் அடுத்தது வந்து நிற்கும். பக்கத்தில் நின்ற கிரேக்கர்கள் கிரேக்கர்களோடு பேசினார்கள், இத்தாலியர்கள் இத்தாலியர்களோடு பேசினார்கள். மேற்பார்வையாளர் அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் விரலைச் சொடுக்கினார். ஒரு நாள் முழுவதும் ஒருவர் வாயிலும் தன் பெயர் வராமல் வீட்டுக்குப் போவது எப்படியிருக்கும் என்பதை, அப்படிப் போய்ப் பழகாதவர்களுக்குச் சொல்லி விளக்க முடியாது.

முதல் கோடையில் ஓர் உள்ளூர் கிரிக்கெட் கிளப்பில் சேர்ந்தான். அவர்கள் மரியாதையானவர்கள்தான். மைதானத்தின் அந்தலையில், எல்லையோர மரத்துக்குக் கீழே, அவனை நிறுத்தினார்கள். பந்து கேட்டால், அடுத்த கிழமை பார்க்கலாம் என்றார்கள். கோடை முடிந்தது, அடுத்த கிழமை வரவில்லை.

அந்தக் காலத்தில் மெல்பேர்ன் கிரிக்கெட்காரர்கள் சிலர் குளிர்காலத்தில் கை துருப்பிடிக்காமலிருக்க அமெரிக்க ஆட்டமான பேஸ்போல் ஆடுவதுண்டு. இவனுடைய கிளப்பிலும் ஒரு பேஸ்போல் அணி இருந்தது. ஆள் தட்டுப்பாடு. ஆகவே எழுபத்தொன்பதாம் ஆண்டுக் குளிர்காலத்தில், அங்கே குளிர் தொடங்குகிற மே மாதத்து மழையில், விக்னராஜா அங்கே போய் நின்றான். பயிற்றுநர் லெஸ், தண்ணீர்க்குழாய் வேலை செய்கிற, நல்ல மனமும் பெரிய வயிறும் கொண்ட மனிதர். அவர் அவனை எறியச் சொல்லிப் பார்த்தார். "நேராகத்தான் எறிகிறாய். ஆனால் என் மாமியார் இதைவிட வேகமாக எறிவாள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பெயர் என்ன என்று கேட்டார். விக்னராஜா என்றான். "விக்" என்றார் லெஸ். அன்றைக்கு அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அவன் பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

பேஸ்போலில் பந்தை எறிகிறவனை பிட்சர் என்பார்கள். அந்த அணியின் பிட்சர் ரொன் என்ற தபால்காரர். அவர் ஜூன் மாதத்தோடு குயின்ஸ்லாந்துக்கு மாறிப் போக இருந்தார். போவதற்கு முன் ஒரு நாள், கார் நிறுத்துமிடத்தில் நின்று, விக்னராஜாவுக்கு ஒரு வித்தையைக் காட்டினார். சுட்டுவிரல் நகத்தையும் நடுவிரல் நகத்தையும் பந்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். மணிக்கட்டை மடக்கக் கூடாது. பந்தைத் தள்ளிவிட வேண்டும். அதுதான் நக்கிள் போல். வேகமே தேவையில்லை. பந்து சுழலாமல் போனால் போதும், காற்று அதை அங்கும் இங்கும் பிடித்துத் தள்ளும், அடிப்பவன் குடிகாரனைப் போலத் தடுமாறுவான்.

"ஒரேயொரு விஷயம். கொஞ்சம்கூடச் சுழலக் கூடாது. சுழன்றால் அது சும்மா மெதுவான பந்து. எல்லோரும் அடிப்பார்கள்" என்றார் ரொன். பிறகு கையைக் குலுக்கிவிட்டுக் குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டார்.

விதி என்றால் இதுதான். உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, பந்தைச் சுழற்றாமல் விடச் சொல்லி இந்த மனிதனிடம் கேட்டார்கள்!

அடுத்த பயிற்சியில் லெஸ் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்த வருஷத்துக்கு எனக்கு ஒரு பிட்சர் வேண்டும். ரொன்னின் அந்தப் பந்தை நீ ஒரு ஆட்டத்தில் எறிந்து காட்டு. இடம் உன்னுடையது. இல்லையென்றால் பொய் சொல்ல மாட்டேன் விக், வேறு எதற்கும் நீ இந்த அணிக்குத் தேவையில்லை."

இதை அவன் வீட்டில் வந்து சொன்னபோது மனைவி யோகா குசினியில் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடமும் ஒரு செய்தி இருந்தது.

"அண்ணா திரும்பவும் போன் எடுத்தவர். வெஸ்ட்மீட்டில புது ஆஸ்பத்திரி, உங்களுக்கு ஸ்டோர்ஸில ஒரு வேலை கதைச்சு வைச்சிருக்கிறாராம். வீட்டில முன்னறை சும்மாதான் கிடக்குதாம்."

அண்ணா என்றால் யோகாவின் தமையன் மகேந்திரராஜா, சிட்னியில் டொக்டர். கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் விக்னராஜாவுக்கு வசதியாக இருந்திருக்கும். உதவி செய்வார், செய்ததைச் சொல்ல மாட்டார், ஆனால் பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் அது எப்படியோ தெரிந்திருக்கும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மைத்துனர் வீட்டு முன்னறையில் மூன்று வருஷம் கிடந்தால் அதற்கு என்ன பெயர்?

"நான் வரேல்லை, யோகா."

"ஏன் வரேல்லை? நான் பகல் முழுக்க ரேடியோவோட கதைச்சுக்கொண்டு இருக்கிறன். அங்க அண்ணி இருக்கிறா, பிள்ளையள் இருக்கினம். இஞ்ச எங்களுக்கு ஆர் இருக்கினம்? நாங்கள் நாளைக்கு இல்லாமல் போனா, எங்க போயிட்டினம் எண்டு தேடக்கூடிய ஒரு ஆளின்ர பேர் சொல்லுங்கோ பாப்பம்."

அவன் யோசித்தான். கிளென் வேவர்லியில் இருந்த ஜெயரட்ணம் குடும்பத்தைச் சொல்லலாம், ஆனால் அவர்கள் எப்படியும் தேடுவார்கள், அவர்கள் யாழ்ப்பாணம். யோகா கேட்டது அதுவல்ல.

"அடுத்த வருஷம் அவங்கட பேஸ்போல் ரீமில எனக்கு இடம் கிடைச்சா?" என்றான்.

யோகா பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள். புருஷன் பகிடி விடுகிறானா என்று பார்த்தாள். இல்லை என்று தெரிந்தது.

"கிடைச்சா நிப்பம். கிடைக்காட்டி சிட்னி. பிறகு ஒரு கதையும் கதைக்கப்படாது."

"ஓம்" என்றான்.

வாடகை வீட்டின் பின்முற்றத்தில் குடையைப் போல விரிந்து சுழலும் துணிக்கொடி ஒன்று நின்றது. வேலை முடிந்து வந்ததும் பழைய மெத்தையொன்றை அதில் கட்டித் தொங்கவிட்டு, எதிரே நின்று எறியத் தொடங்கினான். முதல் நாள் எறிந்த பந்துகளெல்லாம் சுழன்றன. அழகாகச் சுழன்றன என்றுதான் சொல்ல வேண்டும். விரல் நுனி கடைசி நொடியில் தானாக ஒரு சுண்டு சுண்டும். அவன் மணிக்கட்டை இறுக்கினான், சுண்டியது. மூன்றாம் விரலை மடக்கினான், அதற்குப் பக்கத்து விரல் சுண்டியது. ஒரு நாள் அந்த விரலை அடுத்த விரலோடு சேர்த்துத் துணியால் கட்டினான். கட்டோடு சேர்ந்து சுண்டியது. தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

யோகா குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் இரண்டு கிழமை சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்த மனிதன் இருட்டுகிறவரை ஒரு மெத்தையோடு மல்லுக்கட்டுவதை எவ்வளவு நாளைக்குத்தான் பார்த்துச் சிரிப்பது?

நகம் வளர்க்க வேண்டியிருந்தது. வலது கையின் இரண்டு விரல்களில் நகம் நீண்டு வந்தது. குளிரில் அது வெடித்தது. ரொன் ஒரு வழி சொல்லியிருந்தார், வெட்கம் பார்க்காதே என்று சொல்லித்தான் சொன்னார். யோகாவின் நிறமில்லாத நகப்பூச்சை எடுத்து அந்த இரண்டு நகங்களிலும் பூசினான். சரி, அதையாவது மறைத்துக்கொள்ளலாம். சோற்றை என்ன செய்வது? வலது கையால் குழைத்துச் சாப்பிட்டால் கறி நகத்துக்கடியில் போய் இருந்துகொள்கிறது, பூச்சு உரிகிறது, நகம் ஊறி மெலிகிறது. கரண்டியை எடுத்தான்.

வீட்டில் இது பெரிய விஷயமாகவில்லை. ஒரு சனிக்கிழமை ஜெயரட்ணம் வீட்டுச் சாப்பாட்டில்தான் ஆனது. அவர் மனைவி சந்திரகலா இரண்டு நாள் மினக்கெட்டு, காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் வைத்து, நண்டுக் கறியும் சோறும் சமைத்திருந்தாள். மெல்பேர்னில் ஒடியல் மா கிடைப்பது சாமானிய காரியமா? எல்லோரும் கையை விட்டுக் குழைக்க, விக்னராஜா நண்டைக் கரண்டியால் தேடிக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, கை வைக்க அருவருப்போ?" என்றார் ஜெயரட்ணம்.

"இல்லை அண்ணை, விரலில சின்னக் காயம்."

"காட்டும் பாப்பம்" என்று கையைப் பிடித்துத் திருப்பினார். வெளிச்சத்தில் இரண்டு நகங்களும் மினுங்கின. ஜெயரட்ணம் வயிறு குலுங்கச் சிரித்தார். சந்திரகலா சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். யோகா தலையைக் குனிந்துகொண்டாள்.

காரியத்தைச் சொல்லியிருக்கலாம். பேஸ்போல், நக்கிள் போல், நகம் என்று மூன்று வசனத்தில் முடிந்திருக்கும். ஆனால் எறிய வந்தால் அல்லவா சொல்வதற்கு? எறியத் தெரியாத ஒரு பந்துக்காக நகம் வளர்க்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? வீட்டுக்குப் போகும் வழியில் யோகா பஸ் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. அன்றைக்கு இந்த ஆட்டத்தைத் தலைமுழுகிவிட்டுச் சிட்னிக்குப் புறப்பட்டிருந்தால் ஒரு பாடு குறைந்திருக்கும்.

அவன் தலைமுழுகவில்லை. ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றில் முற்றத்துப் புல்லெல்லாம் உறைபனி பிடித்து வெளுத்திருந்தது. பந்தும் பனியில் நனைந்து கல்லாகிக் கிடந்தது. அதை எறிந்து எறிந்து அவன் விரல்கள் மரத்துப்போயின. அப்போது ஒரு பந்து புறப்பட்டது. கையில் அதை அவன் உணரவேயில்லை. சிவப்புத் தையல் அசையாமல், அவனுக்கு முகத்தைக் காட்டியபடியே, மெதுவாகப் போனது. பாதி வழியில் இடப்பக்கம் ஒருமுறை தள்ளாடியது, பிறகு ஏதோ படியிலிருந்து கால் வழுக்கியதைப் போலக் கீழே விழுந்து, மெத்தையைத் தொடாமல் வேலியில் மோதியது.

அவன் வாயைத் திறந்தபடி நின்றான்.

காரணம் அவனுக்கு உடனே விளங்கியது. விரல்களுக்கு உணர்வு இருக்கிறவரை அவை பழைய வேலையைத்தான் செய்யும். உணர்வு போனால்தான் சும்மா இருக்கும். அன்றிலிருந்து எறிவதற்கு முன் ஒரு வாளியில் தண்ணீரும் ஐஸ்கட்டியும் போட்டு, மணிக்கட்டுவரை கையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். யோகா வெளியே வந்து பார்த்தாள்.

"உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதோ?"

"கொஞ்சம் பொறும். இப்ப பாரும்."

பத்தில் மூன்று சுழலாமல் போயின. யோகா உள்ளே போய்விட்டாள். ஆனால் மறுநாள் அவன் வேலையால் வரும்போது வாளியில் ஐஸ் போட்டு வைத்திருந்தாள்.

யாழ்ப்பாணம் முழுக்கப் பெயர் வாங்கித் தந்த விரல்கள் செத்துப்போனால்தான் இந்தப் பந்து வரும் என்பது அவனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வருத்தத்தை உட்கார்ந்து அனுபவிக்க நேரமில்லை. பருவம் முடிய இன்னும் கொஞ்ச ஆட்டங்களே இருந்தன.

பிட்சர் எறிவதை, அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிக்கிறவன் கேட்சர். இந்த அணியின் கேட்சர் கொலின், பாண் வெதுப்பகத்தில் வேலை செய்த முரட்டு இளைஞன். பயிற்சியில் விக்னராஜாவின் முதல் நல்ல பந்து அவன் கையுறைக்கு மேலே வந்து, மனம் மாறி, கீழே இறங்கி அவன் முழங்காலில் பட்டது. இரண்டாவது கழுத்தெலும்பில் பட்டது. மூன்றாவதை அவன் பிடிக்க முயலவேயில்லை, ஒதுங்கினான்.

"இதை எப்படிப் பிடிப்பது? இது எங்கே வருகிறது என்று இவனுக்கே தெரியாது!" என்று கத்தினான்.

லெஸ் சிரித்தார். "பிடிக்கப் பழகு. விக், நீ எறி."

எறிந்தான். அவனுக்குக் கொலின் படுகிற பாடு பாராட்டைப் போல இருந்தது. அடிப்பவன் தடுமாறினால் அவன் விழுவான், பிடிப்பவன் தடுமாறினால் நாம் விழுவோம் என்பதை அவன் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டிய லெஸ்ஸும் யோசிக்கவில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம் ரோவிலில் நடந்தது. ரோவில் அப்போது பாதி புதுவீடுகளும் பாதி மாட்டுப் புல்வெளியுமாக இருந்தது. யோகா தானும் வருவதாகச் சொன்னாள். ஜெயரட்ணம் தன் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். நகத்தின் கதையை யோகா சொல்லிக் கேட்டதிலிருந்து சிரித்ததற்குப் பரிகாரம் தேடிக்கொண்டிருந்தார் மனிதர். சந்திரகலா ஒரு போத்தலில் தேநீரோடு வந்தாள். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு பெண்களும் கம்பிவேலிக்கு அப்பால் நின்றார்கள். ஜெயரட்ணத்துக்குக் கிரிக்கெட் அத்துப்படி, பேஸ்போல் தெரியாது. அது அவர் அவர்களுக்குப் பேஸ்போலை விளக்குவதற்குத் தடையாக இருக்கவில்லை.

ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. விக்னராஜாவின் அணி ஒரே ஓட்டம் முன்னே இருந்தது. எதிரணி கடைசியாக அடிக்க வந்தது. மூன்று பேரை வீழ்த்தினால் வெற்றி. ரொன் போனபிறகு எறிந்துவந்த பையன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். லெஸ் மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தார்.

"விக்!"

அவன் பியர் வைத்திருந்த ஐஸ்பெட்டிக்குள் கையை விட்டு, விரல்கள் தன்னுடையவை இல்லை என்று ஆகும்வரை வைத்திருந்தான். பிறகு நடந்துபோய், பிட்சர் நின்று எறிகிற மண்மேட்டில் ஏறினான். முதல் ஆள் உயரே அடித்துப் பிடிபட்டான். இரண்டாம் ஆளும் அப்படியே. அடுத்த இருவரும் எப்படியோ தப்பி ஓடி, ஓட்டம் எடுக்க மிதித்துப் போகவேண்டிய தளங்களில் ஒருவன் இரண்டாவதிலும் மற்றவன் மூன்றாவதிலும் நின்றார்கள். மூன்றாம் தளத்தில் நிற்பவன் அடிப்பவனின் காலடியிலுள்ள வெள்ளைத் தட்டுவரை ஓடி வந்தால் ஆட்டம் சமன். இரண்டாமவனும் வந்தால் தோல்வி. இன்னும் ஒரே ஓர் ஆளை வீழ்த்த வேண்டும்.

வந்தவன் செம்பட்டைத் தலையன், தோள் ஒரு கதவு அகலம். விக்னராஜா எறிந்தான். செம்பட்டைத் தலையன் வீசினான், மட்டை காற்றை வெட்டியது. ஒன்று. அடுத்ததும் அப்படியே. இரண்டு. மூன்று முறை தவறினால் அவன் தொலைந்தான். வேலிக்கு அப்பால் ஜெயரட்ணம், "போடடா தம்பி!" என்று தமிழில் கத்தியது கேட்டது.

மூன்றாவது பந்து அவன் வாழ்நாளில் எறிந்தவற்றில் ஆகத் திறமானது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று அவன் கையால் போகவில்லை. ஒரு தையல் அசையவில்லை. வலப்பக்கம் ஒதுங்கியது, பிறகு இடப்பக்கம் வந்தது, செம்பட்டைத் தலையன் முழுப்பலத்தோடு வீசியபோது அது அங்கே இல்லை. வீசிய வேகத்தில் அவன் ஒரு முழங்காலில் விழுந்தான்.

விக்னராஜா திரும்பினான். இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தி, முழங்கால் மடித்து, தொண்டை கிழிய "ஹவ்ஸ்ஸாட்!" என்று கத்தினான். கிரிக்கெட்டில் பந்து போடுகிறவனுக்குப் பின்னால் அம்பயர் நிற்பார். ஆளை விழுத்தினால் திரும்பி அவரிடம்தான் கேட்க வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து அவன் அப்படித்தான் கேட்டிருக்கிறான். இங்கேயும் இரண்டாவது அம்பயர் ஒருவர் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவன் அவரைப் பார்த்தான். முதுகை ஆட்டத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றான்.

"விக்!" என்று யாரோ கத்தினார்கள். "விக்! விக்!" என்று இன்னும் பலர் கத்தினார்கள். லெஸ்ஸின் குரல் கேட்டது, கொலினின் குரல் கேட்டது, மைதானத்தின் அந்தலையில் நின்ற, ஒரு நாளும் அவனோடு பேசாத இருவரின் குரலும் கேட்டது. முழு அணியும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இந்த நாட்டுக்கு வந்ததற்கு இவ்வளவு போதும் என்று நினைத்தான். கைகளை இன்னும் உயர்த்தினான்.

அம்பயர் விரலைத் தூக்கவில்லை. அவர் இவனுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பேஸ்போலில் ஒரு சட்டம் இருக்கிறது. மூன்றாவது முறை அடிப்பவன் தவறவிட்ட பந்தைக் கேட்சரும் தவறவிட்டால், அந்த ஆள் அவுட் இல்லை, ஓடலாம். தளத்தில் நிற்கிறவர்களும் ஓடலாம். பந்து கொலினின் கையுறையைத் தட்டி, பின்னால் கம்பிவேலிவரை உருண்டு போயிருந்தது. அந்த நேரத்தில் பிட்சர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். ஓடிப்போய் அந்த வெள்ளைத் தட்டில் நின்று, கேட்சர் எறிவதை வாங்கி, ஓடி வருகிறவனைத் தொட வேண்டும். விக்னராஜாவுக்கு இந்தச் சட்டம் தெரியாமலில்லை. லெஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். மூளைக்குத்தான் சொல்லிக் கொடுத்தார், உடம்புக்கு யாரும் சொல்லவில்லை.

அவன் திரும்பியபோது விழுந்த செம்பட்டைத் தலையன் எழுந்து ஓடி முதல் தளத்தை எட்டியிருந்தான், மூன்றாம் தளத்தில் நின்றவன் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தான். இரண்டாமவன் வந்துகொண்டிருந்தான், அவசரமில்லாமல். வேலியோரத்தில் கொலின் பந்தைக் கையில் எடுத்துவிட்டு, எறியக் கையை ஓங்கியபடி நின்றான். எறிவதற்கு அங்கே ஒருவரும் இல்லை. வெள்ளைத் தட்டு வெறுமையாகக் கிடந்தது. இரண்டாமவன் அதை மிதித்துக்கொண்டு போனான். எதிரணி முழுவதும் மைதானத்துக்குள் பாய்ந்தது.

ஒருவரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு அளவுக்குத் தாங்கியிருக்கலாம். கொலின் பந்தைக் கீழே போட்டுவிட்டு, முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனான். மற்றவர்கள் கையுறைகளைப் பொறுக்கினார்கள். லெஸ் மட்டும் மேட்டுக்கு வந்தார். பக்கத்தில் நின்று, காலால் மண்ணைக் கொஞ்ச நேரம் கிளறினார்.

"நான் பார்த்ததிலேயே அழகான பந்து அது" என்றார். "உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அதைப் பிடிக்க என்னிடம் ஆள் இல்லை. நீயும்..." என்று தொடங்கியவர் மிச்சத்தை விட்டுவிட்டார். "அடுத்த வருஷம் விரும்பினால் வா. ஓட்டக்கணக்கு எழுத ஒருவர் தேவைப்படும்."

தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் சொல்லுகிற இல்லைக்குத்தான் மறுபேச்சே கிடையாது.

வேலிப் பக்கத்தில் கைதட்டல் கேட்டது. அங்கே மூன்று பேர் மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். தடியன் வீசினான், தவறவிட்டான், விக்னராஜா கையைத் தூக்கினான்: ஜெயரட்ணத்துக்கு அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? "அவுட், ஆட்டம் முடிஞ்சுது, வெண்டாச்சு!" என்று பெண்களுக்குச் சொல்லிவிட்டார். பிறகு ஓடியவர்களெல்லாம் வீட்டுக்குப் போக ஓடியவர்கள் என்று விளக்கியிருப்பார்.

யோகா வேலிக் கதவைத் திறந்துகொண்டு புல்லுக்குள் இறங்கினாள். ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரப்புல்லில் செருப்பு வழுக்க, ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தான். கொழும்பை விட்டு வந்த பிறகு அந்த முகத்தை அவன் கண்டதேயில்லை.

"எல்லாரும் உங்கட பேரைச் சொல்லிக் கத்தினவங்கள்!" என்றாள் மூச்சு வாங்க. "நான் கேட்டனான். முழு ரீமும் கத்தினது. எனக்கு அழுகை வந்திட்டுது, தெரியுமே?"

அவன் கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தான்.

"நான் சும்மா உங்களோட சண்டை பிடிச்சுக்கொண்டு இருந்திட்டன். எங்களுக்கு இஞ்ச ஆரும் இல்லையெண்டு நினைச்சன். வேண்டாம், சிட்னி வேண்டாம். இண்டைக்கே அண்ணாவுக்குப் போன் எடுத்துச் சொல்லுவன், நாங்கள் வரேல்லை எண்டு."

"யோகா."

"என்ன?"

"சிட்னிக்கே போவம்."

அவள் சிரித்தாள். இது ஏதோ வென்றவன் விடுகிற பகிடி என்று நினைத்தாள். அவன் தோளுக்கு மேலால், புல்லில் துள்ளிக்கொண்டிருந்த அந்த ஆட்டக்காரர் கூட்டத்தைப் பார்த்தாள். அவர்கள் போட்டிருந்தது பச்சைச் சட்டை. பிறகு புருஷனின் நீலச் சட்டையைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கி முடிகிறவரை விக்னராஜா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.